சோங்கில் ஓடும் ரேகை: பழைய ராணுவத் துவக்குகளும் நம்மவர் அனுபவங்களும்

ஆரையம்பதியிலிருந்து:

என் அப்பா ஓடாவி, மரவேலை செய்கிற தச்சர். முதிரைப் பலகை ஒன்றைச் சீவி முடித்தால் கையில் தண்ணீர் தொட்டு அதன் மேல் தடவிவிட்டு என்னைக் கூப்பிடுவார். நனைந்த இடத்தில் ரேகை எழும்பும், கச்சான் காற்றடிக்கிற நேரம் வாவியில் விழுகிற சின்ன அலை மாதிரி, குறுக்கே குறுக்கே. "நிறத்தப் பாராத மனே, ரேகை எங்க போகுது எண்டு பாரு" என்பார். அந்தக் கண்ணோடுதான் நான் சுவிஸ் போனேன், அந்தக் கண்தான் என்னைப் பழைய ராணுவத் துவக்குகளின் சோங்கிடம், தோளில் அணைத்துப் பிடிக்கிற அந்த மரத்திடம், கொண்டுபோய் விட்டது.

இங்கே இலங்கையில் துவக்கு வாங்கிச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கவே முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதைவிட நாம் பார்த்த யுத்த காலம் இருக்கிறது. சுவிஸிலும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த வரை எனக்குக் கதவு மூடித்தான் இருந்தது. ஆயுதம் வாங்கக் கூடாத நாட்டவர் பட்டியலில் நம் நாட்டின் பெயரும் இருந்தது. குடியுரிமை கிடைத்த அடுத்த வருடம், பேர்ன் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கடையில் முதல் கே 31 ரைபிளை வாங்கினேன். எழுத்து ஒப்பந்தம் ஒன்று போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

1931ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர் பெற்ற சுவிஸ் ராணுவ ரைபிள் அது. வலப்பக்கத்திலுள்ள பிடியை நேரே பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் போதும், மேலே தூக்கித் திருப்பத் தேவையில்லை. ஆரம்பத்தில் வால்நட் மரத்தில் செய்தார்கள், பிறகு பீச் மரத்துக்கு மாறினார்கள். பீச்சில் தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள், குறுநெல்லைத் தூவிவிட்ட மாதிரி. கடையில் பத்துப் பன்னிரண்டு சாத்தி வைத்திருந்தார்கள், எல்லாம் ஒரே மாதிரித்தான். ஒன்றில் மட்டும், சோங்கின் இடப்பக்கம் முழுக்க, நெருப்பு எரிவதுபோல ரேகை மேலே விரிந்து போனது. கிளை பிரிகிற இடத்து மரம் அது.

ராணுவத் துவக்கில் இந்த அழகு தற்செயலாகத்தான் வரும். வேட்டைத் துவக்குக்குப் பணம் கொடுப்பவர் ரேகை பார்த்துத் தெரிவு செய்வார். ராணுவத்துக்குத் தேவை நேர் ரேகை, அதுவும் கை பிடிக்கிற ஒடுங்கிய கழுத்தில். அந்த இடத்தில் ரேகை குறுக்கே ஓடினால் விழும்போதோ அடிபடும்போதோ அங்கேதான் ஒடியும். ஆகவே சோங்கின் அகன்ற பகுதியில் ரேகை விளையாடி, கழுத்தில் வந்து நேராகிற கட்டை கிடைத்தால் அதை விடக் கூடாது. நான் கடையில் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான்.

நான் வாங்கிய அந்தத் துவக்கின் சோங்குக்குப் பின்னால் உள்ள அடித்தட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே மடித்த கடதாசி. அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். சுவிஸில் சிப்பாய் தன் துவக்கை வீட்டிலேயே வைத்திருந்ததால் பலர் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கடதாசியை அப்படியே மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

புதிதாகத் தொடங்குகிற தம்பிமாருக்கு ஒன்று: சோங்கை மண்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரைகள் அழியும், மரம் இரும்பை விடத் தாழ்ந்துபோகும், பிறகு எந்தத் தச்சனாலும் மீட்க முடியாது. பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி வைத்து அயன் பெட்டியால் மெல்ல ஒற்றுங்கள், நார் அறுபடாத பள்ளமென்றால் ஆவியில் ஊதி மேலே வரும். அப்புறம் ஆளிவிதை எண்ணெய் நாலைந்து சொட்டு, உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடியும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடவே வேண்டாம், அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். நீங்களும் சொல்லுங்கள், எங்கே எதைப் பார்த்தீர்கள்?

கல்லடியிலிருந்து:

தம்பி, நான் எழுபதுகளில் பாடசாலை கடேற். எங்களுக்குத் தந்தது 303 லீ என்பீல்ட், பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைபிள், பயிற்சிக்கு மட்டும். நாலு கிலோ பாரம். சோங்குக்கு முன்னால் உள்ள இரும்பு வளையத்தில் கிரீட முத்திரை, அதற்குக் கீழே ஜோர்ஜ் ராஜாவைக் குறிக்கிற ஜி.ஆர்., அதற்கும் கீழே 1917. முதல் உலகப் போர்க்காலத்துத் துவக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மட்டக்களப்புப் பொடியன் வெயிலில் நிற்கிறேன் என்பது அன்றைக்கே என் மண்டையில் ஏறிவிட்டது. அடித்தட்டு பித்தளை. அதில் ஒரு சின்ன மூடி, திறந்தால் எண்ணெய்ப் போத்தலும் குழல் துடைக்கிற கயிறும் வைக்கிற பொந்து. பித்தளையைப் புளி போட்டு மினுக்குவோம். நான் வைத்திருந்த துவக்கின் மரம் கடும் கறுப்பு. பல வருட எண்ணெயும் வேர்வையும் ஊறிப் பிசின் மாதிரிக் கிடந்தது, ரேகை ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மழையில் நனைந்து துடைக்கிறபோது கன்னம் வைக்கிற இடத்தில் மட்டும் தேன் நிறத்தில் மூன்று நாலு வரி தெரிந்தது. எத்தனை பேர் கன்னம் பட்டு அந்த இடம் தேய்ந்திருக்கும்! அடுத்த வாரம் வேறு துவக்கு தந்தார்கள். அதைத் திரும்பக் காணவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், எங்கள் வாப்பாவிடம் இருந்தது ராணுவத் துவக்கு இல்லை, ஒற்றைக் குழல் வேட்டைத் துவக்கு. வயலுக்கு யானையும் பன்றியும் வருமென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஆனாலும் மரத்துக் கதை என்பதால் சொல்கிறேன். வரம்பில் வழுக்கி விழுந்து நீங்கள் சொன்ன அதே கழுத்தில் ஒடிந்தது. காத்தான்குடியில் ஓர் ஓடாவிக் காக்கா முதிரையில் புதிதாகச் செய்து கொடுத்தார். பழைய துண்டுகளை ஒட்டி அளவெடுத்து, இரும்பு பட வேண்டிய இடத்தில் விளக்குக் கரி பூசி, பொருத்திப் பார்த்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் செதுக்கி, திரும்பவும் கரி. மூன்று நாள் அது மட்டும்தான் வேலை. நான் பக்கத்திலேயே குந்தி இருந்தேன். முடிந்தபோது அந்த மஞ்சள் மரத்தில் பட்டுத்துணி மடிப்புப் போல மினுக்கம். பாரம் கூடிவிட்டது என்று வாப்பா குறைப்பட்டார், ஆனால் வந்தவர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். பிரச்சினை கூடின நேரம் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்ததற்குக் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் கடைசி வரைக்கும் உம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. துவக்கு வரவில்லை. அதற்காக நான் அழவில்லை, அந்தக் காக்காவின் மூன்று நாள் வேலைக்காகத்தான் மனது கிடந்து அடிக்கிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

அண்ணா, நீங்கள் எல்லாரும் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். எனக்கும் ஒரு சோங்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்பது வயது. பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள், என் கண் உயரத்துக்கு நேரே அது. செம்மண் நிறம், மேலே வார்னிஷ், ஓரத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்து உள்மரம் வெளிறித் தெரிந்தது. அதால்தான் அப்பாவின் தோளெலும்பை உடைத்தார்கள். அவருக்கு அந்தக் கை கடைசி வரை மேலே எழும்பவில்லை. உங்களைப் பிழை சொல்ல எழுதவில்லை. அனுபவம் கேட்டீர்கள், என் அனுபவம் இது.

ஆரையம்பதியிலிருந்து:

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. இதை விட்டுவிட்டு மரத்தின் அழகை மட்டும் பேசுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். என்னிடம் இருக்கிற ஐந்தும் பேர்னில் பூட்டிய அலுமாரிக்குள்தான் இருக்கின்றன, இங்கே ஒருநாளும் வராது.

போன கிழமை அப்பாவிடம் போனில் அந்த முதல் கே 31இன் படத்தைக் காட்டினேன். இத்தனை வருடம் காட்டவில்லை, அவர் என்ன நினைப்பாரோ என்று. கண்ணாடியைப் போட்டு, விரலால் பெரிதாக்கி, "கெவர் பிரியிற இடத்து மரம்" என்றார் உடனே. கழுத்துப் பக்கம் நகர்த்திப் பார்த்து "நல்லா அறுத்திருக்கான்" என்றார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, "இதால ஆரையும் சுட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை அப்பா, அந்த நாடு உலகப் போருக்குப் போகவில்லை, எல்லையில்தான் காவல் நின்றார்கள், உள்ளே பெயர் எழுதின கடதாசிகூட இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.