மறு: பேக்கப்புக்குத் தமிழ் – காப்புநகலா, சேமப்படியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பேக்கப், அதாவது கோப்பு தொலைந்தால் எடுத்துக்கொள்ளத் தனியே வைக்கும் நகல், அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை ஆள்வது என்று கேட்டிருந்தேன். வந்த எல்லா மடல்களையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, ஒரே மடலாக எழுதுகிறேன். என் நெருக்கடியை மறுபடி சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய கூட்டுறவு அலுவலகம், ஒரே வலையமைப்பில் 14 கணினிகள். அவற்றின் கோப்புகள் தினமும் தானாகவே தனிக் கணினி ஒன்றில் போய்ச் சேர ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் அங்குள்ள எழுத்தர்கள். அவர்களுக்கு 2 பக்கக் குறிப்பு தமிழில் வேண்டும். நாளை மாலை அச்சுக்குப் போகிறது, சனிக்கிழமை வகுப்பு.

> பேக்கப் என்றே எழுதுங்கள். எல்லாருக்கும் புரியும்.

சொல் புரிகிறது ஐயா, பொருள்தான் புரியவில்லை. அந்த அலுவலகத்தில் 'பேக்கப்' முன்பே இருந்தது. ஒரு கணினியின் கோப்புறை இன்னொன்றின் கோப்புறையோடு எந்நேரமும் ஒத்திசைந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். ஒருவர் கணக்குக் கோப்பைத் தவறுதலாக அழித்தார், சில நொடிகளில் அந்தப் பக்கத்திலும் அழிந்துபோனது. ஆர்சிங்க் (rsync) என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலை அழிப்புத் தேர்வோடு ஓடவிட்டாலும் இதே கதைதான்: மூலத்தில் இல்லாததை இலக்கிலும் துடைத்துவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் பரவியபோது, பகிர்ந்து வைத்திருந்த வலையமைப்பு இயக்ககங்களில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டியது. ஆகவே எனக்கு வேண்டிய சொல், மூலத்தை விட்டு விலகி நிற்பது, மூலம் கெட்டாலும் தான் கெடாதது, தேவைப்பட்டவுடன் எடுத்து மாட்டக்கூடியது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் உணர்த்த வேண்டும்.

> காப்புப் பிரதி என்று ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் காப்பு என்ற சொல்லின் தலையில் நாம் ஏற்கெனவே எத்தனை சுமையை ஏற்றிவிட்டோம் என்று பாருங்கள். காப்பீடு, காப்புரிமை, காப்பகம், பாதுகாப்பு எல்லாம் அதற்குள். நூலின் தொடக்கத்தில் வரும் செய்யுளும் காப்பு, பிள்ளைத்தமிழின் முதல் பருவமும் காப்பு, மாரியம்மன் திருவிழாவில் கையில் கட்டுவதும் காப்பு. இவை எல்லாவற்றிலும் ஒன்றைத் தீங்கு அணுகாமல் காப்பதுதான் பொருள். பேக்கப் வட்டைக் காப்பதில்லையே! வட்டு போகத்தான் போகிறது, போன பிறகு என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு அது.

அதனால்தான் முன் மடலில் புறநானூற்று 102ஆம் பாட்டைக் கொண்டுவந்தேன். எருது இளையது, பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று உப்பு விற்கும் உமணர் வண்டியின் அடிமரத்தில் ஒரு மாற்று அச்சைக் கட்டி வைக்கிறார்கள். ஔவையார் அதைச் 'சேம அச்சு' என்கிறார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகிறார். அச்சு முறியாமல் காப்பது அன்று, முறிந்தால் மாட்டுவது. எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை, அதை வைத்துத்தான் 'சேமப்படி' என்றேன்.

> சேமம் வடசொல், க்ஷேமம். ஏமம் (பாதுகாப்பு) என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. 'இனமென்னும் ஏமப் புணை' என்கிறார் வள்ளுவர். ஏமப்படி என்று ஆளலாம்.

ஏமம் அழகான சொல் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் 'ஏமப்படி எடுத்தாகிவிட்டதா?' என்று கேட்டால் எழுத்தர் காதில் ஏமாற்று என்றுதான் விழும். ஔவையார் எடுத்தாண்ட சொல்லை வடசொல் என்று நாம் தள்ள வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

> படி என்றால் அலுவலகத்தில் பஞ்சப்படி, பயணப்படிதான். சேமப்படி என்றால் எத்தனை ரூபாய் என்பார்கள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏட்டைப் படி எடுத்தவர்கள் நம் முன்னோர், கல்வெட்டுக்கு இன்றும் மைப்படிதான் எடுக்கிறார்கள், உ.வே.சா. பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டுத்தான் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். மனசு படியிலேயே நிற்கிறது. ஆனால் ஜெராக்ஸ் கடை வாசலில் நகல் என்றுதான் எழுதியிருக்கிறது, என் வகுப்புக்கு வருகிறவர்களும் அந்தக் கடைக்குப் போகிறவர்கள்தான். நகல் அரபு வழி வந்தது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், தெரியும். நகலை ஏற்றுக்கொள்கிறேன், சேமப்படி சேமநகல் ஆகட்டும்.

> எங்கள் பக்கம் ஊழியர் சேமலாப நிதி உண்டு. சேம என்றால் சேமிப்புத்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு 'சேமி' பொத்தான் வேறு. அதோடு ஒன்று: உங்கள் சேம அச்சும் அதே வண்டியில்தானே கட்டியிருக்கிறது? வண்டியே வெள்ளத்தில் போனால்?

யாழ்ப்பாண நண்பரின் இந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. உண்மைதான். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்றாவது வேறிடத்தில் என்பது நம் துறையில் பாலபாடம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அச்சு நூலுக்கு வேறெங்காவது இன்னொரு படி இருக்கும், ஏட்டுக்கு எங்கே போவது? அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது. நான் அமைத்துக் கொடுத்த அந்தத் தனிக் கணினியும் அதே அறையில்தான் இருக்கிறது. இந்த மடலை எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன்: வாரம் ஒருமுறை ஒரு வெளிவட்டு செயலாளர் வீட்டுக்குப் போகும். ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போய் ஏற்பாட்டிலேயே இருந்த ஓட்டை தெரிந்தது, அதற்கு நன்றி.

'சேமி' பொத்தான் குழப்பமும் நியாயமானது. சேமநகல் என்று கேட்பவர் சேமித்த கோப்பு என்று எடுத்துக்கொண்டால் நான் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவேன். இழையில் ஏழு பேர் காப்புநகல் என்கிறார்கள். சரி, குறிப்பில் காப்புநகல் என்றே போடுகிறேன். வினைக்குக் 'காப்புநகல் எடு'. சேம அச்சின் கதையை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன். என் வாக்கு இன்னமும் சேமநகலுக்குத்தான், பதிவில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு சொற்சிக்கல் பாக்கி. 'தானியங்கி' என்றவுடன் தாங்கள் எதையும் கவனிக்க வேண்டாம் என்று எழுத்தர்கள் நினைக்கிறார்கள். முதலில் இரவு 2 மணிக்கு நேரம் வைத்திருந்தேன். மாலை 6 மணிக்கே எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள், ஒரு வாரம் ஒன்றுமே ஓடவில்லை. இப்போது மதிய உணவு வேளைக்கு மாற்றிவிட்டேன். 'காலமுறைக் காப்புநகல்' என்றால் நேரத்துக்கு ஆள் பொறுப்பு என்பது தெரியும் என்று நினைக்கிறேன்.

மற்றது, முழு நகலுக்குப் பிறகு எடுக்கும் இருவகை. கடைசியாக எடுத்தது எதுவானாலும் அதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது ஒன்று. கடைசி முழு நகலுக்குப் பிறகு மாறியதையெல்லாம் எடுப்பது மற்றொன்று. மீட்கும்போது முதல் வகையில் முழு நகலோடு எல்லாத் துண்டுகளும் வரிசையாக வேண்டும், இரண்டாம் வகையில் முழு நகலும் கடைசி ஒன்றும் போதும். முதலாவதற்குத் 'தொடர்நகல்', இரண்டாவதற்குத் 'திரள்நகல்' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் நாளை பகல் 12 மணிக்குள் எழுதுங்கள். வேர்ச்சொல் ஆராய்ச்சி சனிக்கிழமைக்குப் பிறகு.