நம்பை அரேயை இஃப்பில் போட்டால் எரர், எனி போட்டால் தப்பான விடை: உதவி தேவை

கேள்வி:
பைத்தானுக்குப் புதியவன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் டிகிரி (நாட்டைக் கால் டிகிரி அளவுக் கட்டங்களாகப் பிரித்த) தினசரி மழைத் தரவில் 2015ஐ இறக்கி, சென்னை வரும் கட்டத்தின் 365 மதிப்புகளை மட்டும் மழை என்ற நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அரேயில், அதாவது எண் வரிசையில், எடுத்து வைத்திருக்கிறேன். 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை என்று ஒவ்வொரு நாளுக்கும் பெயர் போட வேண்டும், அவ்வளவுதான். இஃப்பில் மழை >= 64.5 என்று கொடுத்தால் வேல்யூ எரர் வந்து, எனி (ஒன்றாவது ட்ரூவா) அல்லது ஆல் (எல்லாமே ட்ரூவா) போடச் சொல்கிறது. எனி போட்டேன், எரர் போய்விட்டது, ஆனால் மே மாதம் உட்பட வருஷம் முழுக்கக் கனமழை!

பதில் 1:
எரர் கொடுத்த யோசனைதான் உங்களைக் கெடுத்திருக்கிறது. மழை >= 64.5 என்பதற்கு ஒரு விடை இல்லை, 365 ட்ரூ, ஃபால்ஸ் வரும், இஃப்புக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று. எனி போட்டால் "வருஷத்தில் ஒரு நாளாவது கனமழை பெய்ததா" என்று கேட்டதாக ஆகிவிடும். சென்னையில், அதுவும் 2015இல், பெய்யாமலா இருந்திருக்கும்? இஃப்பையே விட்டுவிட்டு நம்பையின் செலக்ட் பயன்படுத்துங்கள், அது ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக நிபந்தனைகளோடு பார்த்துப் பெயர் போடும்.

கேட்டவர்:
செலக்ட்டில் இரண்டு நிபந்தனையை ஆண்ட் போட்டு இணைத்தேன், பழைய எரரே வந்தது. மழை >= 64.5 & மழை <= 115.5 என்று மாற்றினால் இப்போது டைப் எரர்.

பதில் 2:
அடைப்புக்குறி எங்கே? & குறி >= ஐ விட முந்திக்கொள்ளும், அதனால் பைத்தான் முதலில் 64.5 & மழை என்பதைப் போட்டுப் பார்த்து, தசம எண்ணில் முடியாது என்று கையை விரிக்கிறது. (மழை >= 64.5) & (மழை <= 115.5) என்று எழுதினால் ஓடும். ஆனால் ஓடினாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டத் தரவு பல நிலையங்களின் அளவை வைத்துக் கணக்கிட்டது, 115.55 என்று ஒரு மதிப்பு வந்தால் அது கனமழையிலும் சேராது, மிக கனமழையிலும் சேராது. மேல் எல்லையே வேண்டாம். செலக்ட்டில் முதலில் ட்ரூ ஆவதுதான் ஜெயிக்கும் என்பதால் 204.5, 115.6, 64.5 என்று பெரியதிலிருந்து கொடுங்கள், வரிசையைத் திருப்பினால் அதி கனமழை நாளும் வெறும் கனமழையாகிவிடும். அப்புறம், எந்த நிபந்தனையிலும் சேராத நாளுக்கு டிஃபால்ட்டாகவும் ஒரு பெயரைக் கொடுங்கள், விட்டால் அது 0, புது நம்பை எழுத்தையும் எண்ணையும் கலக்க விடாது.

கேட்டவர்:
வந்துவிட்டது, நன்றி அண்ணா! ஆனால் நாடு முழுவதற்கும் சராசரி எடுத்தால் மைனஸில் வருகிறதே?

பதில் 1:
அந்த 129 × 135 கட்டங்களில் கடலும் அண்டை நாடுகளும் உண்டு, அங்கெல்லாம் -999 நிரப்பியிருப்பார்கள். மைனஸ் மதிப்புகளை நேன் (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்கிவிட்டு, நேனை விட்டுச் சராசரி எடுக்கும் நேன்மீன் போடுங்கள். நேனைத் தேட == வேலைக்கு ஆகாது, அது தனக்குத் தானே சமமில்லை, இஸ்நேன்தான் வேண்டும்.

பதில் 3:
டிசம்பர் 1 வெள்ள மழையைச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்றால் மழை[335] பாருங்கள். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் அது டிசம்பர் 2தான், ஆனால் அன்று காலை 8.30 வரையான 24 மணி நேர மழை அந்தத் தேதியில்தான் பதிவாகும்.