பழைய வாடகை, புது அக்ரிமெண்ட்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

முதல்ல என் கதை. எங்க அப்பச்சி (அப்பா) 1988-ல காரைக்குடி வீட்டோட பின்கட்டை ஒரு வாத்தியாருக்கு 150 ரூபாய்க்கு விட்டாக, எழுத்துன்னு ஒண்ணும் கிடையாது, நாப்பது பக்க நோட்டுல மாசாமாசம் ஒரு கையெழுத்து, அவ்ளோதான். 2016-லயும் 400-தான். அப்பல்லாம் ஏத்தணும்னா கோர்ட்ல நியாய வாடகை கேக்கணும், 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மனை, கட்டட மதிப்புல வருஷத்துக்கு 9 சதவீதம், அதாவது லட்சத்துக்கு மாசம் 750. கணக்குப் பாத்தா நமக்கு லாபம்தான், ஆனா முன்சீப் கோர்ட்டு, அப்பீல்னு இழுக்கும்னு வக்கீல் சொன்னதுல அப்பச்சி மிரண்டு மிச்ச ரூமையெல்லாம் பூட்டியே போட்டுட்டாக. நம்ம பக்கம் வீடு பூட்டிக் கிடக்குறதுக்குப் பங்காளித் தகராறு மட்டும் காரணமில்ல, இந்தப் பயமும்தான்.

2019 பிப்ரவரியில புதுச் சட்டம் வந்துச்சு, வாடகையை நீங்களே பேசி எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சுக்கங்கன்னு. சரின்னு போனா ஓனர்னு யார் பேரைப் போடுறது? பத்திரத்துல ஐயா (தாத்தா) பேரு, இப்ப பதினோரு பங்கு, ரெண்டு பேரு பினாங்குல. எல்லார்கிட்டயும் பவர் பத்திரம் வாங்கவே எட்டு மாசம் ஆச்சு.

அதுக்குள்ள சித்தப்பா மகன், எழுத்து அக்ரிமெண்ட் போடலைன்னாலே காலி பண்ணச் சொல்லலாம்னு சட்டத்துல இருக்கு, பேசாம விடுன்னான். இருக்கு, உண்மைதான். ஆனா எனக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த மனுஷன்யா அந்த வாத்தியாரு.

3500-ன்னு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், லென்ஸ் வச்சு வரி வரியா படிச்சாரு. "தம்பி, மழைக்கு மூணு குண்டான் வைக்கிறோம், ஓடு யாரு மாத்துறது?" அப்புறம் நாங்க ஓடு மாத்தித் தர்றதுன்னும் வாடகை 2000-ன்னும் முடிஞ்சுச்சு. பதிவும் பண்ணியாச்சு. அடுத்த மாசம் பணத்தோட அந்தப் பழைய நோட்டையும் நீட்டுறாரு, இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு!

பதில், தேவகோட்டையிலேருந்து:
அண்ணே, நான் குடியிருக்குற ஆளு. புதுச் சட்டத்துல, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, எங்க ஓனரு ஆறு மாசம் கேட்டாரு. சட்டத்தைச் சொன்னேன், அப்ப அந்தச் சட்டத்துலயே வீடு தேடிக்கங்கன்னுட்டாரு. பிள்ளைக்கு ஸ்கூல் பக்கம், வேற வழியில்லாம கொடுத்தேன், ரசீதுல மூணுதான் போட்டிருக்கு. மீதி மூணை எப்படித் திருப்பி வாங்குறது, யாராச்சும் வாங்கினவுக இருக்கீகளா?