முன் ஆம் முறியுது: அலுமினியத்துக்கு மாறுறதா, நைலோனோட நிக்கிறதா?

வாழைச்சேனை_வண்டி:
பத்தில் ஒரு பங்கு அளவு ரிமோட் ட்ரக், பின்சில்லு இழுவை. முன் கீழ் ஆம் (சில்லை வண்டியோட இணைக்கிற, மேல கீழ அசையிற கை), அதில வெளிப்பக்கப் பின், அதாவது கம்பி ஆணி, போற காதடியில முறியுது. மூன்று ஆம் போயிற்று. வெளியில இருந்து எடுப்பிக்க வாரக்கணக்காகும், ஒரு ஓடர்தான் போட ஏலும். பிளாஸ்ரிக்கா, அலுமினியமா?

கிறவல்_ரோட்டு (அம்பாறை):
அலுமினியம்தான். 6061 எண்ட கலவை வேணாம், 7075 எண்டு போட்டிருக்கிற கலவையை எடுங்க. நிரந்தரமா வளையிறதுக்கு முன்ன தாங்குற பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கிறவல் கல்லில வேகமாப் போகேக்க நைலோன் ஆம் முறுகி, முன்சில்லு பார்க்கிற திசையே மாறுது. ரிமோட்டை நேராப் பிடிச்சாலும் வண்டி இழுத்துக்கொண்டு போகும்.

கல்லடி_மணல்:
தம்பி, ஓடர் போட முதல் அடி எந்த வழியாப் போகுது எண்டு பாருங்க. சில்லு கட்டில மோதினா ஹப் (சில்லு பூட்டுற துண்டு), ஆம், பல்க்ஹெட் (ஆம் உள்பக்கம் பூட்டுற துண்டு), சசி (வண்டியின் அடித்தட்டு) எண்ட வரிசையில விசை உள்ளுக்குப் போகும். நைலோன் ஆம் வளைஞ்சு பாதியை விழுங்கும், மிஞ்சினா தானே முறியும். ஆம் மாற்ற இரண்டு பின்னும், சொக்கை (அதிர்வு தாங்கியை) பிடிக்கிற ஒரு ஸ்குரூவும் கழற்றினாப் போதும், பத்து நிமிச வேலை. அலுமினிய ஆம் முறியாது, அடியை அப்படியே பல்க்ஹெட்டுக்குக் குடுக்கும். அதை மாற்ற முன்பக்கம் முழுக்க அவிழ்க்கணும். வளைஞ்ச அலுமினியம் பழையபடி வராது. பின் ஓட்டை இரண்டும் ஒரே கோட்டில இல்லாமப் போய் ஆம் இறுகும்.

அதோட நம்ம கரையில உப்பு. அலுமினிய ஓட்டைக்குள்ள இரும்புப் பின், இரண்டுக்கும் நடுவில உப்புத் தண்ணி: பட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிக்கும். பின் சிக்கினா சுத்தியலாலதான் எடுக்கணும்.

கிறவல்_ரோட்டு (அம்பாறை):
அம்பாறை டவுனில கடல் இல்லை அண்ணன், கல்லடிக் கணக்கை இங்க போட வேணாம். பல்க்ஹெட்தான் பிரச்சினை எண்டா அதையும் அலுமினியமாக்கலாம்.

கல்லடி_மணல்:
பிறகு சசி முறியும். மாற்ற மாற்ற பாரம் கூடும், பாரம் கூடினா அடுத்த அடி இன்னும் பெரிசு. கேட்டவர் வாழைச்சேனை, அவருக்கும் கடல் பக்கத்திலதான்.

சம்மாந்துறை_வயல்:
இரண்டு பேரும் முறிஞ்ச இடத்தைப் பார்க்கவே சொல்லல்ல. முறிஞ்ச முகம் வெள்ளையா இழுபட்டுக் கிழிஞ்சிருந்தா பொருள் நல்லது, அடிதான் கூட. கண்ணாடி உடைஞ்ச மாதிரி சுத்தமா இருந்தா நைலோன் காய்ஞ்சு கிடக்கு. அச்சில இருந்து புதுசா வாற நைலோன்ல தண்ணி இருக்காது, அதனால நொறுங்கும். ஏறத்தாழ 2.5 வீதம் ஈரம் ஏறின பிறகுதான் அது வளைஞ்சு குடுக்கும்.

சமையலுக்கு எடுக்காத ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வைங்க. அடியில ஒரு பழைய தட்டைப் போடுங்க, ஆம் சட்டியைத் தொட்டா கோணும். அடுப்பைக் குறைச்சு, ஆம் மட்டும் தண்ணிக்குள்ள 20 தொடக்கம் 30 நிமிசம் விடுங்க. அதே தண்ணியில ஆறட்டும். பிறகு ஈரத்துணியோட இறுக்கமான பையில இரண்டு மூன்று நாள். நைலோன் கொஞ்சம் வீங்கும், பின் ஓட்டை இறுகும். பின்னைக் கையால சுழற்றிச் சுழற்றி விடுங்க. சொக் இல்லாம ஆம் தன் பாரத்திலேயே கீழ விழணும். விழாட்டி இன்னும் சுழற்றுங்க.

கிறவல்_ரோட்டு (அம்பாறை):
கொதிக்க வைக்கிறது மேல்தோலை மட்டும்தான் நனைக்கும் காக்கா. 4 மில்லிமீற்றர் தடிப்புக்கு அரை மணித்தியாலம் காணாது.

சம்மாந்துறை_வயல்:
சரிதான், நடுவரைக்கும் போகாது. ஆனா வெடிப்பு தொடங்குறது மேல்தோலில, அங்க ஈரம் ஏறினாலே பாதி வேலை முடிஞ்சுது. மிச்சத்துக்குத்தான் அந்த ஈரப்பை.

கல்லடி_மணல்:
மாரி காலத்தில நம்ம காற்றே அந்த வேலையைச் செய்யும், சட்டி தேவையில்லை. காய்ஞ்ச கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலதான் கவனம். வெயில்ல நிக்கிற காருக்குள்ள வண்டியைப் போட்டு வைச்சா ஏறின ஈரமும் இறங்கும்.

சம்மாந்துறை_வயல்:
இன்னொரு விசயம். பாகத்தின் உட்பக்கத்தில எழுத்து இருக்கும். பிஏ6, பிஏ66 எண்டா நைலோன். பின்னால ஜிஎஃப்30 எண்டு வந்தா 30 வீதம் கண்ணாடி நார் கலந்தது: விறைப்பு கூட, வளைஞ்சு குடுக்காது. ஆமுக்கு அது ஒத்துவராது. ஏபிஎஸ், பொலிகாபனேற் எண்ட வேற பிளாஸ்ரிக் பாகங்களைக் கொதிக்க வைக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை.

வாழைச்சேனை_வண்டி:
முறிஞ்ச முகம் கண்ணாடி மாதிரித்தான் இருக்கு. முறிஞ்சதை சுப்பர் குளூ போட்டு ஒட்ட ஏலாதா? 3டி பிரிண்டில அடிச்சு எடுக்க ஏலாதா?

கல்லடி_மணல்:
நைலோனில சுப்பர் குளூ சரியாப் பிடிக்காது, பின் ஓட்டையடியில சுத்தமா நிக்காது. பிஎல்ஏ எண்ட பிளாஸ்ரிக்கில அடிச்ச பிரிண்ட் 60 பாகையில இளகும். வெயில்ல நிக்கிற காருக்குள்ளயே அது வளைஞ்சுடும். அதோட பிரிண்ட் அடுக்குக்கு அடுக்கு பிரியும். சட்டத்துக்கும் பட்டரித் தட்டுக்கும் பிரிண்ட் பரவாயில்லை, ஆமுக்கு வேணாம். தடிப்பா வார்த்த ஆர்பிஎம் கொம்பனி நைலோன் ஆம் உங்க வண்டிக்கு இருந்தா அதை எடுங்க.

கிறவல்_ரோட்டு (அம்பாறை):
ஆம் விசயத்தை விட்டுத்தாறன். ஆனா எல்லாத்தையும் பிளாஸ்ரிக்கிலயே விட்டா வண்டி ஓடாது. 12 மில்லிமீற்றர் சில்லு ஹெக்ஸ் (சில்லை அச்சோட பூட்டுற அறுகோணத் துண்டு) மூலை மழுங்கிச் சும்மா சுத்தும், அதுக்கு அலுமினியம் வேணும். ஸ்ரியரிங் பெல் கிராங்க் (திருப்புற விசையைச் சில்லுக்குக் கடத்துற நெம்பு), சேர்வோ ஹோர்ன் (சில்லைத் திருப்புற சேர்வோ மோட்டரின் கை), மோட்டர் பிளேட், சொக் மூடி எல்லாம் அப்படித்தான். ஹோர்ன் வாங்கேக்க உங்க சேர்வோ அச்சின் பல்லை எண்ணுங்க: பியூடாபா வகைக்கு 25, ஹைடெக் 24, சன்வா 23. மாறிப்போனா ஏறாது.

கல்லடி_மணல்:
இதில எனக்கு மறுப்பில்லை, அந்த இடங்கள் விறைப்பா இருக்கத்தான் வேணும். சேர்வோ சேவரை (அடியைத் தாங்குற ஸ்பிரிங் இணைப்பை) மட்டும் எடுத்துடாதீங்க, எடுத்தா அடி நேரா சேர்வோ கியருக்குப் போகும்.

சம்மாந்துறை_வயல்:
ஸ்குரூவைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. பாதிப் பாகங்கள் மோதலில இல்ல, பூட்டுறதிலதான் போகுது. எம்3 (3 மில்லிமீற்றர்) ஸ்குரூவில உருண்டைத் தலைக்கு 2 மில்லிமீற்றர் அலன் சாவி, உயர்ந்த தலைக்கு 2.5. பிளாஸ்ரிக்குள்ள திரும்பப் போடேக்க முதல்ல எதிர்ப்பக்கம் சுழற்றுங்க. டக் எண்டு பழைய புரியில விழும், அதுக்குப் பிறகு உள்ளுக்கு விடுங்க. தலை தொட்டதோட நிறுத்துங்க. நீல நிற லொக்டைட் (ஸ்குரூ கழராமப் பிடிக்கிற பசை) உலோகத்துக்குள்ள உலோகம் போற இடத்துக்கு மட்டும். ஏபிஎஸ்ஸிலயும் வண்டியின் பொலிகாபனேற் மேல்கூட்டிலயும் பட்டா வெடிக்க வைக்கும். பின்னுக்குக் கிறீஸ் போடாதீங்க, மணலைப் பிடிச்சு அரம் மாதிரி ஓட்டையைத் தின்னும்.

வாழைச்சேனை_வண்டி:
அப்ப நைலோன் முன் ஆம் இரண்டு சோடி, அலுமினிய ஹெக்ஸ் நாலு, 25 பல் ஹோர்ன் ஒண்டு. ஆம் நுனியில ஹப்பைப் பிடிக்கிற கெஸ்டர் புளொக்?

கிறவல்_ரோட்டு (அம்பாறை):
அலுமினியம். அதில ஓட்டை தேய்ஞ்சா சில்லு ஆடும், ஸ்ரியரிங் செய்ததெல்லாம் வீண்.

கல்லடி_மணல்:
நான் நைலோன் எண்டுதான் சொல்லுவன், அதுவும் அடி போற வழியிலதான் இருக்கு. அலுமினியம் போட்டா பாசிக்குடா மணலில ஓடின அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவி, கிங் பின் (ஹப் திரும்புற பின்) இரண்டையும் கழற்றித் துடைச்சுக் காயவைச்சுப் பூட்டுங்க. அடுத்த நாளுக்கு விட வேணாம்.