தையல் வகுப்பு முடித்த பெண்களுக்கு வருமானம் வரவில்லை, எங்கே தவறினோம்?

வேடசந்தூர்ப் பெண்:

வணக்கம். திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பி.காம். முடித்துவிட்டு ஊரிலேயே டியூஷன் எடுக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் நூல் மில்லுக்குப் போய்விடுவார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அழைத்துப் போவார். பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர்.

போன வருடம் ஊர்க்காரர்கள் சிலர் பணம் போட்டார்கள். சமுதாயக் கூடத்தில் மூன்று மாதத் தையல் வகுப்பு நடத்தினோம். 14 பேர் கற்றார்கள். சான்றிதழும் கொடுத்தோம். இன்று தைப்பது இரண்டே பேர். மூன்று பேர் மறுபடி மில்லுக்கே போய்விட்டார்கள். அதில் ஒருத்திக்கு எல்லாரையும் விட நல்ல கை. அவள் பஸ் ஏறிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது ஆறு மிஷின் வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். மறுபடி வகுப்பு ஆரம்பிக்கலாமா?

அரூர் அக்கா:

தங்கச்சி, நான் தர்மபுரி மாவட்டம். 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். என் மாமியார் அந்தக் காலத்துக் குழுக்காரர். நான் 2006-ல் சேர்ந்தேன். நீ எழுதியதைப் படித்ததும் எங்களுடைய முதல் வகுப்புதான் ஞாபகம் வந்தது.

14 பேரும் ஜாக்கெட்டும் சுடிதாரும்தானே கற்றார்கள்? ஒரு சின்ன ஊரில் அத்தனை பேருக்கு ஜாக்கெட் துணி எங்கிருந்து வரும்? அதுவும் ஜாக்கெட் கொடுப்பவர்கள் பழகிய டெய்லரை விட்டு லேசில் மாற மாட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் முகூர்த்தச் சேலை ஜாக்கெட்டில் கைக்குழியைத் தப்பாக வெட்டிவிட்டாள். அதோடு ஊரில் யாரும் எங்களிடம் துணி கொடுக்கவில்லை. அவளும் கத்தரியைத் தொடவில்லை. அந்தப் பெண்ணைத் தேற்ற எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம்தான் வேறு பக்கமிருந்து யோசித்தோம். ஒரு துணிக்கடையில் போய்க் கேட்டோம். சேலை வாங்குகிறவர்கள் அடி ஓரத்தில் ஃபால்ஸ் துணி வைத்து, ஓரம் பிரியாமல் மிஷினில் பிக்கோ அடித்துத் தரச் சொல்கிறார்கள், ஆள் இல்லை என்றார்கள். ஃபால்ஸ் வைக்க வெட்ட வேண்டியதில்லை, கெட்டுப்போகும் பயமும் இல்லை. ஊசியும் நூலும் போதும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். முதல் வாரம் ஒவ்வொருத்தி கையிலும் இருநூறு, முந்நூறு வந்தது. சின்னத் தொகைதான். ஆனால் "வகுப்புக்குப் போய் என்னத்தைக் கண்டே" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா அன்றைக்குப் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அடுத்த சேலைக்கட்டை வாங்கி வந்தார். கற்கும்போதே காசு வர வேண்டும், தங்கச்சி. மூன்று மாதம் வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண்ணை எந்த வீடு அனுப்பும்?

ஃபால்ஸிலிருந்து நைட்டி, பாவாடை, பழைய சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பது என்று போனோம். கை நின்ற நாலு பேரை மட்டும் ஜாக்கெட்டுக்கு விட்டோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான் தைக்கப்படுகிறது. உங்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உறுப்பினர் சேர்க்கை பற்றிக் கேள். எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கு அந்த வேலைதான் வருடத்தில் சில மாதம் சோறு போடுகிறது.

மிஷின் விஷயத்தில் கறாராக இரு. ஆறும் குழுவின் பெயரில், கூடத்திலேயே இருக்கட்டும். நாங்கள் வீட்டுக்குக் கொடுத்து விட்டதில் இரண்டு அடகுக்கடைக்குப் போனது. காசு அந்தந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கணக்கு இல்லாதவளுக்கு முதலில் அதைத் திறந்து கொடு.

திருப்பூர் லைன்:

அக்கா சொன்னது சரி. நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி வேலைக்குத் தயார் செய்வதென்றால் மிதி மிஷின் போதாது. பவர் மிஷின், ஓவர்லாக், ஃபிளாட்லாக் மூன்று மிஷினும் ஓட்டத் தெரிந்தால்தான் டெய்லராக எடுப்பார்கள். இல்லாவிட்டால் பிசிறு வெட்டும் வேலைதான். வெளியூர் அனுப்பும் முன் விடுதியில் செல்போன் வைத்துக்கொள்ளலாமா, நினைத்தபோது ஊருக்கு வரலாமா, பி.எஃப். எண் தருகிறார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

வேடசந்தூர்ப் பெண்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. 14 பேரில் யாரிடமும் "உனக்கு என்ன பிடிக்கும்" என்று நான் கேட்கவே இல்லை. நேற்று கேட்டேன். ஒருத்திக்கு செல்போன் பழுது பார்க்கக் கற்க வேண்டுமாம். ஒருத்தி லோன் எடுத்து மாவு மில் வைக்க வேண்டும் என்கிறாள். மானியம் 35 சதவீதம் சும்மா கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் அவளிடம் சொல்லியிருக்கிறார். உண்மையா?

அரூர் அக்கா:

பி.எம்.ஈ.ஜி.பி., அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடனைத்தான் அந்தப் புரோக்கர் சொல்கிறார். கிராமத்தில் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, நம் பங்கு 5 சதவீதம். ஆனால் மானியம் கையில் வராது. வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். தவணையோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். புரோக்கருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், விண்ணப்பத்தை நாமே ஆன்லைனில் போடலாம். ஊரில் ஏற்கெனவே எத்தனை மாவு மில் இருக்கிறது, இட்லி மாவு யார் விற்கிறார்கள் என்று அவளையே எண்ணிவரச் சொல்.

செல்போன் பெண்ணை ஆர்செட்டிக்கு அனுப்பு. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் அது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். முடித்த பிறகும் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிப்பார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி செல்போன் ரிப்பேர்" என்று வீட்டில் கேட்பார்கள். முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீயே போ. மையத்தைக் கண்ணால் பார்த்த அம்மா அப்புறம் தடுக்க மாட்டாள்.

மில்லுக்குத் திரும்பிப் போனாளே, நல்ல கைக்காரி, அவள் நம்பர் இருக்கிறதா?

வேடசந்தூர்ப் பெண்:

இருக்கிறது அக்கா. ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுப்பாள். வேடசந்தூர் பஜாரில் இன்று இரண்டு துணிக்கடையில் கேட்டேன். ஒரு கடைக்காரர் வாரம் இருபது சேலை தருகிறேன், ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபால்ஸும் பிக்கோவும் சேர்த்து என்ன கேட்கலாம்?

அரூர் அக்கா:

பக்கத்துக் கடைகளில் என்ன வாங்குகிறார்கள் என்று முதலில் விசாரி. அதிலிருந்து பத்து ரூபாய்கூடக் குறைக்காதே. மிஷின் தருகிறேன் என்றவரிடம் ஆறில் ஒன்றைப் பிக்கோ மிஷினாகக் கேள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசிவிட்டு எழுது.