167 ஓட்டு: ஐடா வெல்ஸின் கிளப் சாதித்தது என்ன?

ஒற்றையடிப்பாதை:
அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸுக்கு இங்கே ஒரே புகழ்மாலை. 1913 ஜனவரியில் சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்காக ஆல்பா வாக்குரிமை கிளப் தொடங்கினார், சரி. அப்புறம்? 1914 பிப்ரவரியில் இரண்டாவது வார்டு கவுன்சிலர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் வில்லியம் கவன் என்ற கறுப்பின வேட்பாளருக்கு வேலை செய்தார்கள். அவர் தோற்றார். மறு வருஷமே குடியரசுக் கட்சியின் வார்டு பெரியவர்கள் கைகாட்டிய ஆஸ்கர் டி ப்ரீஸ்டுக்கு ஓட்டுக் கேட்டார்கள். கட்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கிளப். அவ்வளவுதான்.

வேலியோரம்:
"அவ்வளவுதான்" என்று எழுத எப்படிக் கை வந்தது? கவன் தோற்றது 167 ஓட்டில். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததே 1913 ஜூனில்தான். அதுவும் அரைகுறை உரிமை: அதிபருக்கும் உள்ளாட்சிப் பதவிகளுக்கும் போடலாம், ஆளுநருக்குப் போட முடியாது. எட்டே மாதத்தில், கட்சி அமைப்பு நிறுத்திய ஆளுக்கு எதிராக, 167 ஓட்டு வரை நெருங்கியிருக்கிறார்கள்.

எப்படி நெருங்கினார்கள் என்று தெரியுமா? வார்டைத் தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார்கள். "வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாருங்கள்" என்றார்கள் ஆண்கள். "கால்சட்டை மாட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்களா" என்றார்கள். மனம் நொந்து, இனிப் போக மாட்டோம் என்று வந்து நின்ற பெண்களிடம், நகரமன்றத்துக்கு ஒரு கறுப்பினத்தவரை அனுப்பத்தான் கேட்கிறோம் என்று சொல்லச் சொல்லித் திரும்ப அனுப்பினார் வெல்ஸ். இதற்குப் பெயர் ஆள் பிடிப்பதா?

ஒற்றையடிப்பாதை:
167 ஆனாலும் தோல்வி தோல்விதான். ஒரு ஓட்டில் தோற்றவருக்கும் நாற்காலி கிடையாது.

மூணாம்பந்தி:
வெல்ஸ் 1913 மார்ச் 3 வாஷிங்டன் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கடைசி வரிசையில் நடந்தவர்தானே?

வேலியோரம்:
இல்லை, இல்லை, இல்லை. கறுப்பினப் பெண்கள் பின்னால் வாருங்கள் என்று சொன்னது நிஜம். அவர் மறுத்தார். பார்வையாளர் கூட்டத்தில் நின்றிருந்தவர், இல்லினாய் அணி வந்ததும் உள்ளே புகுந்து, பெல் ஸ்குவயர், வர்ஜீனியா ப்ரூக்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்காரத் தோழிகளுக்கு நடுவில் நடந்தார். படித்துவிட்டு எழுதுங்கள்.

மூணாம்பந்தி:
கூட்டத்தில் ஒளிந்திருந்து பாதியில் புகுந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

வேலியோரம்:
ஒளிந்திருந்தார் என்று நான் எங்கே எழுதினேன்? போன மாதம் அன்னி பெசன்ட் பற்றிப் பேசியபோதும் என் வார்த்தையை இப்படித்தான் திரித்தீர்கள். நான் மறக்கவில்லை.

தெற்குவாசல்:
ஊர்வலத்தை விடுங்கள். நானும் கேட்கிறேன், டி ப்ரீஸ்ட் என்ன உத்தமரா? 1917-ல் லஞ்ச வழக்கில் மாட்டினாரே.

வேலியோரம்:
மாட்டினார், விடுதலையும் ஆனார். அந்தப் பாதியை ஏன் விட்டீர்கள்? 1915-ல் சிகாகோவின் முதல் கறுப்பின கவுன்சிலர், 1928-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானவர்.

முக்கியமான ஒன்றை யாரும் தொடவில்லை. 1914-க்குப் பிறகு வார்டு அமைப்பின் ஆட்கள் ஆல்பா கிளப் கூட்டத்துக்கே வந்தார்கள். சுயேச்சையை ஆதரிக்காதீர்கள், அடுத்த காலியிடத்தில் கறுப்பின வேட்பாளரை நிறுத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வந்தவர்களில் டி ப்ரீஸ்டும் ஒருவர். பெண்கள் கிளப் ஒன்றின் படியேறிக் கட்சிக்காரர்கள் கெஞ்சியது ஏன்? அந்த 167-ஐப் பார்த்துப் பயந்துதான்.

ஒற்றையடிப்பாதை:
கெஞ்சவில்லை, பேரம் பேசினார்கள். இவர்களும் படிந்தார்கள். நான் சொன்னதும் அதுதான். கிளப்புக்கு அவ்வளவு பலம் இருந்தால், 1930-ல் வெல்ஸே மாநில செனட்டுக்கு நின்றபோது ஏன் தோற்றார்? அங்கே எத்தனை ஓட்டு வித்தியாசம் அக்கா, அதையும் பெருமையாகச் சொல்லுங்களேன்.

வேலியோரம்:
67 வயதில், கட்சி அமைப்பின் ஆதரவில்லாமல் நின்றார். அடுத்த வருஷம் இறந்தே போனார். அதை வைத்து 1914-ஐ அளக்காதீர்கள்.

பேரம் பேசினால் அரசியல் கெட்டுவிடுமா? ஆண்கள் பேசினால் சாணக்கியத்தனம், பெண்கள் பேசினால் படிவதா? என் அம்மா ஒரு உள்ளாட்சித் தேர்தலில் பூத் சிலிப்போடு மூன்று தெரு ஏறி இறங்கினார். செருப்பு வார் அறுந்து, ஊக்கு மாட்டிக்கொண்டு நடந்தார். ஜெயித்ததும் மேடையில் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடவில்லை. அதனால்தான் வெல்ஸ் வாக்குறுதி வாங்கிக்கொண்டு வேலை செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தெற்குவாசல்:
சிகாகோ பேச்சில் அம்மா எதற்கு?

வேலியோரம்:
வீடு வீடாக ஏறிய கால் எந்த ஊரிலும் கால்தான் சார்.

ஒற்றையடிப்பாதை:
உணர்ச்சிவசப்பட்டால் கணக்கு மாறாது. கவன் தோற்றார். 167.

வேலியோரம்:
ஆமாம், 167. அந்த 167 இல்லாவிட்டால் 1915 இல்லை. கட்சிக்காரர்கள் ஏன் கிளப்புக்கு வந்தார்கள்? மூன்று பதிவாகக் கேட்கிறேன், பதில் வரவில்லை.

மூணாம்பந்தி:
ஒளிந்திருந்தது பற்றியும்தான் பதில் வரவில்லை.