மேக்குக்குத் தனி எம்டிஎம் போதுமா, எல்லாவற்றுக்கும் ஒரே யூஇஎம்மா? சோதனையில் ஃபைல்வால்ட் சாவி வரவில்லை

கேள்வி: ஐடி_இருவர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 84 மேக், 37 விண்டோஸ் லேப்டாப், 20 ஐபோன், கிடங்கில் ஸ்கேன் செய்ய 15 ஆண்ட்ராய்டு கருவிகள். ஐடியில் நாங்கள் இரண்டே பேர். ஆப்பிளுக்கு மட்டுமான ஒரு எம்டிஎம் (கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறோம், விண்டோஸைக் கையால் பார்த்துக்கொள்கிறோம், ஆண்ட்ராய்டை யாரும் பார்ப்பதே இல்லை. இப்போது மேலிடத்தில் எல்லாவற்றையும் ஒரே கன்சோலுக்கு (நிர்வாகத் திரைக்கு) கொண்டுவரச் சொல்கிறார்கள்.

ஒரு யூஇஎம்மில் (எல்லா வகைக் கருவிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள்) சோதனைக் கணக்கு எடுத்து 12 மேக்குகளைப் பழைய எம்டிஎம்மிலிருந்து விடுவித்துப் புதியதில் என்ரோல் (பதிவு) செய்தோம். ப்ரொஃபைல்கள் (அமைப்புக் கோப்புகள்) இறங்கிவிட்டன, வைஃபையும் விபிஎன்னும் ஓடுகின்றன. ஆனால் 11 மேக்கில் ஃபைல்வால்ட் (மேக்கின் வட்டைப் பூட்டும் குறியாக்கம்) இயங்குவதாகக் காட்டுகிறதே தவிர, மீட்புச் சாவி இருக்கவேண்டிய இடம் காலி. முழுக்க அழித்துப் புதிதாக அமைத்த ஒரே ஒரு மேக்கில் மட்டும் சாவி வந்திருக்கிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், மாற்றமில்லை. யூஇஎம் என்றாலே மேக்கை மேலோட்டமாகத்தான் கையாளும் என்கிறார்களே, இது அதுதானா?

பதில்: பூட்டுசாவி

இதில் அந்த மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாவியைச் சர்வருக்கு அனுப்பும் ப்ரொஃபைல் இறங்கிய பிறகு உருவாகும் சாவிதான் சர்வருக்குப் போகும். உங்கள் 11 மேக்கும் ஏற்கெனவே பழைய எம்டிஎம்மின் கீழ் பூட்டப்பட்டவை, அந்தச் சாவியை மேக்கிலிருந்து திரும்பப் படித்து எடுக்க முடியாது. அழித்து அமைத்ததில் ஃபைல்வால்ட் புதிதாக ஆனதால் சாவி வந்துவிட்டது. எந்த எம்டிஎம்முக்கு மாறியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஒவ்வொரு மேக்கிலும் மீட்புச் சாவியை மாற்றச் சொல்லும் கட்டளையை ஓட்டுங்கள். பயனரின் பாஸ்வேர்டோ பழைய சாவியோ கேட்கும், கொடுத்தால் புதுச் சாவி உருவாகிச் சர்வருக்குப் போய்விடும். அதுவரைக்கும் பழைய எம்டிஎம்மில் அந்த மேக்குகளின் பதிவை அழித்துவிடாதீர்கள்! இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாவி அங்கேதான் இருக்கிறது. நாளைக்கே யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அதைத்தான் தேடி ஓடவேண்டும்.

பதில்: ஐடி_இருவர்

மிக்க நன்றி. 9 மேக்கில் சாவி வந்துவிட்டது. மீதி 2 பேர் பாஸ்வேர்ட் கேட்ட பெட்டியை என்னவோ ஏதோ என்று மூடிவிட்டார்கள், நேரில் போய்ச் செய்கிறேன். பழைய பதிவுகளை வெள்ளிக்கிழமை நீக்குவதாக இருந்தோம், நல்லவேளை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். எதை எடுப்பது?

பதில்: மூன்றாம்_மாடி

கன்சோல் எத்தனை என்பதை அப்புறம் பாருங்கள். ஐபோனுக்கும் மேக்குக்கும் அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் ஆப்பிளின் எம்டிஎம் நெறிமுறையிலேயே இருப்பவை, பூட்டு, அழி, ப்ரொஃபைல் போடு என்பதை யார் அனுப்பினாலும் ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு மேலே இருக்கிறது: ஆப் ஸ்டோரில் இல்லாத மென்பொருளுக்கு பேட்ச் (திருத்தம்) போடுவது, ஸ்கிரிப்ட் ஓட்டுவது, புது மேக்ஓஎஸ் வந்த அன்றே அதன் அமைப்புகளைக் கொடுப்பது. கடைசி மூன்று மாத டிக்கெட்டுகளை (ஐடிக்கு வந்த உதவிக் கோரிக்கைகளை) எடுத்து, எத்தனை இந்த வகையில் விழுகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் ஆப்பிளுக்கான கருவியை விடாதீர்கள். விற்க வருபவரிடம் மேக் அப்டேட்டை டிக்ளரேட்டிவ் முறையில் (வேண்டிய நிலையைச் சொன்னால் மேக்கே அதை நிறைவேற்றிக்கொள்வது) செய்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். அந்த முறையை ஆப்பிள் 2021இல் அறிமுகப்படுத்தியது, பழைய அப்டேட் கட்டளைகளை இப்போது கைவிட்டு வருகிறது. இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் நான் அங்கேயே எழுந்துவிடுவேன்.

பதில்: கிடங்கு_நெட்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இரண்டே பேர் என்கிறார், அதில் ஒருவர் விடுப்பில் போனால்? இரண்டு கருவி என்றால் இரண்டு விதமான கொள்கை, இரண்டு இடத்தில் ஆளைச் சேர்ப்பது, வேலையை விட்டுப் போகிறவரை இரண்டு இடத்தில் நீக்குவது. எங்களிடம் ஒருமுறை ஒருவர் விலகியபோது லேப்டாப்பைப் பூட்டினோம், போனை மறந்தோம், நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆபத்து முதலில் கவனிப்பாரற்ற அந்த 15 ஆண்ட்ராய்டில்தான் இருக்கிறது. அவற்றை முழு நிர்வாகத்தில், ஸ்கேன் ஆப் மட்டும் திறக்கும்படி வையுங்கள். சொந்த போனில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் வொர்க் ப்ரொஃபைல் (போனில் வேலைக்கென்று தனியாகப் பிரித்த பகுதி) போதும், அவர்களின் படங்களும் செய்திகளும் நமக்குத் தெரியாது, அதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விண்டோஸில் ஹோம் பதிப்பு எத்தனை என்றும் பாருங்கள், புது லேப்டாப்பைத் தானாக அமைக்கும் ஆட்டோபைலட் அதில் ஓடாது.

பதில்: பூட்டுசாவி

இன்னொன்று. எதை எடுத்தாலும் ஆப்பிளின் புஷ் சான்றிதழை (எம்டிஎம் ஆப்பிள் கருவிகளோடு பேசத் தேவையானது) நிறுவனத்துக்கென்று ஒரு ஆப்பிள் கணக்கில் எடுங்கள், யாருடைய சொந்தக் கணக்கிலும் வேண்டாம். அது ஓராண்டுதான் செல்லும், அதே கணக்கில் புதுப்பிக்க வேண்டும். நான் முன்பு இருந்த இடத்தில் அது வேலையை விட்டுப் போனவரின் கணக்கில் இருந்தது, அவரைப் பிடிக்க முடியவில்லை, வேறு கணக்கில் புதுச் சான்றிதழ் எடுத்ததால் எல்லா ஐபோனையும் மேக்கையும் மறுபடி என்ரோல் செய்தோம். ஒரு மாதம் போயிற்று.

அப்புறம், 84 மேக்கையும் மாற்றுவதாக இருந்தால் முதலில் மேக்ஓஎஸ் 26க்கு ஏற்றுங்கள். ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் (நிறுவனத்தின் ஆப்பிள் கருவிகளைப் பதிந்துவைக்கும் தளம்) இருக்கும் கருவியை அழிக்காமலே வேறு எம்டிஎம்முக்குக் கெடு வைத்து மாற்றும் வசதி அதில்தான் வந்தது.

பதில்: ஐடி_இருவர்

டிக்கெட்டுகளை எண்ணிவிட்டேன். மூன்று மாதத்தில் 61, அதில் மேக் பேட்சும் ஸ்கிரிப்ட்டும் 38. அதனால் மேக்கும் ஐபோனும் பழைய கருவியிலேயே இருக்கட்டும், விண்டோஸும் ஆண்ட்ராய்டும் யூஇஎம்முக்குப் போகின்றன. விலகுபவர்களை நீக்க இரண்டு கருவிக்கும் சேர்த்து ஒரே படிவம் போட்டிருக்கிறேன், இருவரும் கையெழுத்திட்டால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. சோதனைக்குப் போன 12 மேக்கும் திரும்பி வரவேண்டும், அவற்றுக்கு மறுபடி சாவி மாற்றும் வேலை இருக்கிறது, இந்தத் தடவை பெட்டியை மூடாதீர்கள் என்று முன்கூட்டியே மெயில் போட்டுவிட்டேன். புஷ் சான்றிதழ் யார் கணக்கில் இருக்கிறது என்று பார்த்தேன், என் சக ஊழியரின் சொந்தக் கணக்கு. அதைப் பற்றி இன்று மாலையே உட்கார்ந்து பேசுகிறோம்.